சும்மா கிடக்கும் பேட்டரிக்கும் பசிக்கும்



கனடாவிலும் வட ஐரோப்பாவிலும் டிசம்பர் பிறந்துவிட்டால், பலர் தங்கள் பழைய காரையும் மோட்டார் சைக்கிளையும் கொட்டகைக்குள் ஏற்றித் துணி போட்டு மூடிவிடுவார்கள். சாலையெல்லாம் பனி. பனியைக் கரைக்கத் தூவிய உப்போ இரும்பைத் தின்றுவிடும். ஆகவே மார்ச், ஏப்ரல் மாதம் வரை வண்டிக்கு ஓய்வு. அப்படி மூடுவதற்கு முன்னால் அவர்கள் தவறாமல் கவனிக்கும் பொருள் பேட்டரி.

நமக்கு அந்தத் தொல்லை இல்லை, குளிர்காலமே தெரியாத நாட்டில் இருக்கிறோம் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். அங்கேதான் ஏமாந்து போகிறோம். ஓடாமல் கிடக்கும் பேட்டரியை அவர்கள் ஊர்க் குளிரைவிட நம் ஊர் வெயில்தான் சீக்கிரம் கெடுக்கும்.

ஓடாமல் கிடக்கும் கார் நம்மிடம் ஏது என்று கேட்பீர்கள். தோட்டத்தை ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள். மகன் சிங்கப்பூரில் வேலை செய்கிறான்; தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வந்து ஓட்டுவதற்காக ஒரு கார் வீட்டோரம் நிற்கிறது. அப்பாவுக்குக் கண் பார்வை குறைந்துவிட்டது. அவர் வாங்கிய பழைய புரோட்டோன் சாகா செம்பனை நிழலில் நிற்கிறது. ஊருக்குப் போய் இரண்டு மாதம் தங்கி வருகிறவர் வீட்டிலும் ஒன்று நிற்கிறது. கேட்டால், “காடி சும்மாதானே கிடக்குது, அதுக்கு என்ன ஆகப்போகுது?” என்பார்கள்.

2020-ஆம் ஆண்டு மார்ச் 18-ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது நினைவிருக்கும். மே 4-ஆம் நாள் கட்டுப்பாடு தளர்ந்தது. இடையில் 47 நாள். அதற்குப் பிறகு சாவியைத் திருப்பியவர்களில் எத்தனையோ பேருக்கு ‘டிக் டிக்’ என்ற சத்தம் மட்டும்தான் கேட்டது. காரில் ஒரு கோளாறும் இல்லை. சும்மா நின்றதுதான் கோளாறு.

இதில் பணமும் இருக்கிறது, உயிரும் இருக்கிறது. 2025-ஆம் ஆண்டில் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி என்று ஆக்கப்பட்டது. 26 நாள் வேலை என்று வகுத்தால் ஒரு நாளைக்கு 65 வெள்ளி. சிறிய காருக்குரிய பேட்டரியே 200 வெள்ளியை ஒட்டி விற்கிறது. ஆக, ஒரு பேட்டரி மூன்று நாள் கூலி. பட்டணம் தள்ளி உள்ளே இருக்கும் தோட்டத்தில், நடுராத்திரியில் குழந்தைக்குக் காய்ச்சல் ஏறி வலிப்பு வந்தால், வாசலில் நிற்கும் அந்தக் காரை நம்பித்தான் எல்லாரும் எழுந்து ஓடுவார்கள். அந்த நேரத்தில் அது ஸ்டார்ட் ஆக வேண்டும்.

பெட்டிக்குள் நடப்பது என்ன?

இந்த ஈய பேட்டரியை 1859-ஆம் ஆண்டில் காஸ்டன் பிளான்டே என்ற பிரெஞ்சு விஞ்ஞானி கண்டுபிடித்தார். இன்றைக்கும் அதன் அடிப்படை மாறவில்லை. பெட்டிக்குள் ஆறு அறைகள். ஒவ்வோர் அறையும் ஏறக்குறைய 2.1 வோல்ட் தரும். ஆறும் சேர்ந்து 12.6 வோல்ட். அறைக்குள் இரண்டு வகை ஈயத் தகடுகள், சுற்றிலும் தண்ணீர் கலந்த கந்தக அமிலம். மின்சாரம் வெளியே போகப் போக, அமிலத்தில் உள்ள கந்தகச் சத்து தகடுகளில் வெள்ளையாகப் படிகிறது; அமிலம் தண்ணீராக நீர்த்துப் போகிறது. சார்ஜ் ஏற்றினால் படிந்தது கரைந்து மறுபடியும் அமிலத்தோடு சேர்ந்துவிடுகிறது.

படிந்த உடனே சார்ஜ் ஏற்றினால் அது மாவுபோல மெல்லியதாக இருக்கும், சுலபமாகக் கரையும். வாரக்கணக்கில் விட்டுவிட்டால் என்ன ஆகும்? சீனிப்பாகை நாள்கணக்கில் அப்படியே வைத்திருந்தால் அடியில் கற்கண்டு கட்டிக்கொள்ளும் அல்லவா? அதுபோலத் தகட்டின் மேல் கெட்டிக் கற்களாக இறுகிவிடும். பிறகு எவ்வளவு சார்ஜ் ஏற்றினாலும் முழுதும் கரையாது. இறுகிய அளவுக்குப் பேட்டரியின் பலம் நிரந்தரமாகக் குறைந்துவிடும்.

பேட்டரி காலியாவது பெரிய குற்றமல்ல. காலியாகவே கிடப்பதுதான் அதைக் கொல்கிறது. கட்டிப் போட்ட மாடு பால் கறக்கவில்லையே என்று யாராவது புல் போடாமல் இருப்போமா? பேட்டரியும் அப்படித்தான். வேலை இல்லாத காலத்திலும் அதற்குத் தீனி வேண்டும்.

மூத்த வாசகர்களுக்கு இது புதிய செய்தியல்ல. 1970-களில் பல தோட்டங்களில் மாலையில் சில மணி நேரம்தான் மின்சாரம். கார் பேட்டரியை வைத்துக் கறுப்பு வெள்ளைத் தொலைக்காட்சி பார்த்த காலம் அது. படம் சுருங்கிக்கொண்டே வரும். பாதிப் படத்தில் நின்றும் போகும். மறுநாள் பேட்டரியைச் சைக்கிளில் கட்டிக் கடைக்கு எடுத்துப் போய் சார்ஜ் போட்டு வருவார்கள். அந்தப் பேட்டரிகள் சீக்கிரமே செத்துப் போனதற்குக் காரணம் உண்டு. கார் பேட்டரி ஓரிரு விநாடி பலமாகத் தள்ளிவிட்டு, உடனே திரும்பவும் நிரம்புவதற்காகச் செய்யப்பட்டது. அடிவரை சுரண்டிக் குடிப்பதற்காகச் செய்யப்பட்டதல்ல. நிறுத்தி வைத்த காரின் பேட்டரியும் மெதுவாக அதே அடிமட்டத்திற்குத்தான் இறங்குகிறது. ரசிக்கப் படம் ஒன்றுதான் இல்லை.

குளிரா, வெயிலா?

குளிர் நாட்டில் கார் ஸ்டார்ட் ஆகாதது உண்மைதான். பூஜ்யத்துக்குக் கீழே 18 டிகிரி என்றால் பேட்டரியால் வழக்கமான பலத்தில் பாதியைக்கூடக் கொடுக்க முடியாது. இங்கு விற்கும் பேட்டரிகளின் மேலும் ‘சி.சி.ஏ.’ என்று ஓர் எண் அச்சிட்டிருப்பார்கள். அந்தக் கடுங்குளிரில் 30 விநாடிக்கு அது தரக்கூடிய ஆம்பியர் அளவுதான் அந்த எண். இன்னோர் ஆபத்தும் அங்கே உண்டு. நிறைந்த பேட்டரியின் அமிலம் பூஜ்யத்துக்குக் கீழே 50 டிகிரி போனாலும் உறையாது. காலியான பேட்டரியிலோ பெரும்பகுதி தண்ணீர்தான்; பூஜ்யத்துக்குக் கீழே ஏழெட்டு டிகிரியிலேயே உறைந்து பெட்டி வெடித்துவிடும். அதனால்தான் நிரப்பாமல் அங்கே யாரும் பேட்டரியை மூடி வைப்பதில்லை.

ஆனால் நிரப்பி வைத்துவிட்டால் அந்தக் குளிரே நல்ல காவல்காரன். ஒரு கம்பியும் மாட்டாமல் தனியாக வைத்தாலும் பேட்டரி தானாகவே சிறிது சிறிதாக இறங்கும். வெப்பம் 10 டிகிரி கூடும்போதெல்லாம் அந்த இறக்கம் ஏறக்குறைய இரண்டு மடங்காகும். இப்போது கணக்குப் போடுங்கள். அவர்கள் கொட்டகையில் பூஜ்யம் டிகிரி. நம் கொட்டகையில் 30 டிகிரி. பத்துக்கு இரண்டு மடங்கு, இருபதுக்கு நான்கு, முப்பதுக்கு எட்டு. அவர்கள் பேட்டரி எட்டு வாரத்தில் இழப்பதை நம் பேட்டரி ஒரே வாரத்தில் இழக்கிறது. தகட்டைக் கற்களாக இறுக வைப்பதும், உள்ளே உள்ள ஈயக் கம்பிகளை அரிப்பதும் இதே வெப்பம்தான். நிழல் பார்த்துக் காரை நிறுத்துவது பெயின்டுக்கு மட்டும் நல்லதல்ல, பேட்டரிக்கும் நல்லது.

காருக்குள்ளேயே ஒரு கள்ளன்

தானாக இறங்குவதைவிட வேகமாகப் பேட்டரியை உறிஞ்சுவது வேறொன்று. சாவியை எடுத்த பிறகும் காரில் சில உறுப்புகள் தூங்குவதில்லை. கடிகாரம் ஓடுகிறது. வானொலி தன் நிலையங்களை நினைவில் வைத்திருக்கிறது. திருட்டு மணி காவல் காக்கிறது. எஞ்சினை நடத்தும் சின்னக் கணினி அரைத் தூக்கத்தில் இருக்கிறது. சாலை நடப்பைப் படம் பிடிக்கும் கேமராவைப் பலர் மாட்டியிருக்கிறார்கள். அதை எப்போதும் மின்சாரம் வரும் கம்பியில் இணைத்துவிட்டால் அதுவும் குடித்துக்கொண்டே இருக்கும்.

சிறிய காரில் இவையெல்லாம் சேர்ந்து 20 மில்லி ஆம்பியர் இழுப்பதாக வைத்துக்கொள்வோம். அற்பம் போலத் தோன்றும். ஆறாம் ஆண்டுப் பிள்ளை போடக்கூடிய பெருக்கல் இது: ஒரு நாளைக்கு 24 மணி நேரம், ஆக 480 மில்லி ஆம்பியர்-மணி, அதாவது 0.48 ஆம்பியர்-மணி. 47 நாளுக்கு 22.5 ஆம்பியர்-மணி. சிறிய காரின் பேட்டரி மொத்தமே 35 ஆம்பியர்-மணிதான். மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது. நடமாட்டக் கட்டுப்பாட்டின்போது நடந்தது இதுதான். பழைய பேட்டரியாக இருந்தால் அதற்குள் முழுதும் செத்திருக்கும். 50 மில்லி ஆம்பியர் இழுக்கும் காராக இருந்தால் ஒரே மாதத்தில் 36 ஆம்பியர்-மணி போய்விடும்.

மோட்டார் சைக்கிளின் பேட்டரி இன்னும் சிறியது. 5 ஆம்பியர்-மணி பேட்டரியோடு 10 மில்லி ஆம்பியர் இழுக்கும் திருட்டு மணி ஒன்றை மாட்டினால், 20 நாளில் கதை முடிந்துவிடும். உதைத்து ஸ்டார்ட் செய்ய முடிகிறதே என்று பேட்டரியை அலட்சியம் செய்பவர்கள் உண்டு. விளக்கும் ஹாரனும் அதை நம்பித்தான் இருக்கின்றன என்பதை மறக்கக் கூடாது.

ஐந்து நிமிடம் ஓடவிட்டால் போதுமா?

வாரம் ஒரு முறை காரை ஸ்டார்ட் செய்து, ஐந்து நிமிடம் நின்ற இடத்திலேயே ஓடவிட்டு நிறுத்துகிறார்கள். செய்ய வேண்டியதைச் செய்துவிட்டோம் என்ற திருப்தி அவர்களுக்கு. இதையும் கணக்குப் போட்டே பார்ப்போம்.

நின்ற இடத்தில் மெதுவாக ஓடும் எஞ்சினிலிருந்து பேட்டரிக்கு 5 ஆம்பியர் போகிறது என்று வைத்தால், ஐந்து நிமிடத்தில் சேர்வது 0.4 ஆம்பியர்-மணிதான். ஸ்டார்ட் செய்யவே அதில் ஒரு பங்கு போய்விட்டது. ஒரு வாரம் கள்ளன் குடித்ததோ 3.3 ஆம்பியர்-மணிக்கு மேல். மேலும் ஏர்கோன் போட்டால் வரவு இன்னும் குறையும். எஞ்சின் சூடேறாமல் நிறுத்துவதால் புகைக்குழாயில் தண்ணீர் தேங்கித் துருப்பிடிப்பது தனி நஷ்டம்.

ஆகவே ஓட்ட ஆள் இருந்தால், பத்து நாளுக்கு ஒரு முறையாவது பெரிய சாலை வரை போய், அரை மணி நேரத்துக்குக் குறையாமல் ஓட்டிவிட்டு வாருங்கள். பக்கத்து வீட்டுக்காரரிடம் சாவியைக் கொடுத்துப் போவதானால் இந்தக் கணக்கையும் சொல்லிக் கொடுத்துப் போங்கள். சாலை வரி, காப்புறுதி இரண்டும் நடப்பில் இருக்க வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

ஓட்ட ஆள் இல்லையென்றால் கம்பியைக் கழற்றுங்கள்

செலவில்லாத வழி இது. மைனஸ் கம்பி ஒன்றைக் கழற்றிவிட்டால் கள்ளனுக்குக் கதவடைப்பு ஆகிவிடும். பேட்டரி தானாக இறங்குவது மட்டும்தான் மிச்சம். ஆனால் முறை மாறக்கூடாது.

எஞ்சினை நிறுத்திச் சாவியை எடுத்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். மின்சாரம் போன பிறகு தூரத்திலிருந்து பொத்தானை அமுக்கிக் கதவு திறக்க முடியாது. சாவி உள்ளே இருந்தால் வம்பு. மோதிரம், கைக்கடிகாரம், கையில் தொங்கும் சங்கிலி எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள்.

முதலில் மைனஸ் முனை. கறுப்புக் கம்பி, ‘–’ அடையாளம். அதைத் தளர்த்தி எடுத்து, பேட்டரியைத் தொடாதபடி துணியால் சுற்றி ஒதுக்கி வையுங்கள். பேட்டரியையே வெளியே எடுப்பதானால்தான் அடுத்ததாக பிளஸ் முனையைக் கழற்ற வேண்டும். திரும்ப மாட்டும்போது தலைகீழ்: முதலில் பிளஸ், கடைசியில் மைனஸ்.

ஏன் இந்த வரிசை? காரின் இரும்பு உடல் முழுவதும் மைனஸ் முனையோடு சேர்ந்திருக்கிறது. பிளஸ் முனையை முதலில் கழற்றப் போய், கையிலுள்ள ஸ்பானர் பக்கத்து இரும்பில் பட்டுவிட்டால், நூற்றுக்கணக்கான ஆம்பியர் அந்த ஸ்பானர் வழியாகப் பாயும். பொறி பறக்கும், ஸ்பானர் பழுக்கும், பேட்டரியே வெடிக்கவும் கூடும். மைனஸை முதலில் எடுத்துவிட்டால் அந்தப் பாதை அறுந்துபோகிறது. எஞ்சின் ஓடும்போது மட்டும் எந்தக் கம்பியிலும் கை வைக்காதீர்கள். காரின் மின்கருவிகள் பாழாகும்.

கம்பியைக் கழற்றினால் கடிகாரமும் வானொலி நிலையங்களும் அழிந்துவிடும். சில வானொலிகள் திரும்ப இரகசிய எண் கேட்கும். அந்த எண்ணை முன்னதாகவே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மின்சாரமும் பெட்ரோலும் சேர்ந்து ஓடும் புதிய வகைக் கார்களில் நாமாகக் கை வைக்காமல், விற்ற கடையிலேயே கேட்டுக்கொள்வது நல்லது.

முனையில் வெள்ளையாகவோ நீலமாகவோ மாவு பூத்திருந்தால், ஒரு கரண்டி சோடா மாவை வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்துப் பழைய பல்துலக்கியால் தேய்த்துக் கழுவலாம். மூடியுள்ள பேட்டரியாக இருந்தால் மூடி இறுக்கமாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். சோடா உள்ளே போகக் கூடாது. துடைத்துக் காய்ந்த பிறகு, கம்பியை மாட்டி இறுக்கி, மேலே கொஞ்சம் வேசலின் தடவினால் திரும்பப் பூப்பது குறையும்.

கழற்றிய பேட்டரியைச் சிமெண்டுத் தரையில் வைத்தால் தரை அதை உறிஞ்சிவிடும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். ரப்பராலும் மரத்தாலும் பெட்டி செய்த காலத்தில் அதற்குக் காரணம் இருந்திருக்கலாம். இன்றைய பிளாஸ்டிக் பெட்டிக்கு அந்தப் பயம் வேண்டாம். பிள்ளைகள் கை எட்டாத, வெயில் படாத, காற்றோட்டமான இடமாக இருந்தால் போதும்.

நிறைந்திருக்கிறதா என்று அளப்பது

இருபது முப்பது வெள்ளிக்குள் சிறிய மீட்டர் ஒன்று கடைகளில் கிடைக்கிறது. ஒரு வீட்டுக்கு ஒன்று வேண்டியதில்லை. ஒரு வரிசை லயத்துக்கு ஒன்று இருந்தால் போதும். காரை நிறுத்திச் சில மணி நேரம் கழித்து, காலையில் ஸ்டார்ட் செய்வதற்கு முன் அளப்பது சரியான நேரம்.

12.6 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் நிறைந்திருக்கிறது. 12.4 என்றால் முக்கால். 12.2 என்றால் பாதி. 12.0 என்றால் கால்தான். 12.4-க்குக் கீழே இறங்கியதும் சார்ஜ் ஏற்றிவிடுங்கள். அந்த அளவுக்குக் கீழே விட விட, நாம் சொன்ன கற்கண்டு கட்டத் தொடங்கும். எஞ்சின் ஓடும்போது அளந்தால் 13.8 முதல் 14.4 வரை காட்ட வேண்டும். அப்படிக் காட்டாவிட்டால் நோய் பேட்டரியில் இல்லை. சார்ஜ் தரும் ஆல்டர்னேட்டரையும் அதன் பெல்ட்டையும் மெக்கானிக்கிடம் காட்ட வேண்டும். அதைப் பார்க்காமல் புதுப் பேட்டரி வாங்கினால் அதுவும் ஒரு வாரத்தில் படுத்துவிடும்.

சில பேட்டரிகளின் மேல் பச்சை நிறம் காட்டும் சின்னக் கண்ணாடி உண்டு. அது ஆறு அறைகளில் ஓர் அறையை மட்டுமே பார்க்கிறது. மற்ற ஐந்தைப் பற்றி அதற்குத் தெரியாது.

மூடி திறக்கும் பேட்டரியில் தண்ணீர் குறைந்திருந்தால், காய்ச்சி வடித்த பேட்டரித் தண்ணீரை மட்டுமே ஊற்றுங்கள். குழாய்த் தண்ணீரும் கூரையில் பிடித்த மழைத் தண்ணீரும் வேண்டாம். அதிலுள்ள உப்பும் அழுக்கும் தகட்டைக் கெடுக்கும். ஏசிட்டும் ஊற்றக் கூடாது. ஆவியாகிப் போவது தண்ணீர்தான், அமிலம் அல்ல. தகடு வெளியே தெரிந்தால் அது மூழ்கும் அளவுக்கு ஊற்றிச் சார்ஜ் ஏற்றுங்கள். மீதியைச் சார்ஜ் ஏற்றிய பிறகு ஊற்றுங்கள். முன்னாலேயே நிரப்பிவிட்டால் சார்ஜ் ஏறும்போது பொங்கி வழியும்.

வீட்டில் சார்ஜ் ஏற்றுவோர் கவனத்திற்கு

சார்ஜர் வாங்கினால், நிறைந்ததும் தானாகவே குறைத்துக்கொள்ளும் வகையைப் பார்த்து வாங்குங்கள். அதை நாள்கணக்கில் மாட்டி வைக்கலாம். பழைய காலத்துக் கனத்த சார்ஜர் அப்படியல்ல. மறந்துவிட்டால் அமிலத்தைக் கொதிக்க வைத்துத் தண்ணீரையெல்லாம் ஆவியாக்கிவிடும். பேட்டரியின் அளவில் பத்தில் ஒரு பங்கு ஆம்பியரில் ஏற்றுவது நல்ல வழக்கம். 40 ஆம்பியர்-மணி பேட்டரி என்றால் 4 ஆம்பியர். பாதி காலியாக இருந்தால் ஐந்து மணி நேரம், கழிவுக்கு மேலும் ஓரிரண்டு மணி நேரம்.

சார்ஜ் ஏறும்போது பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வரும். நிறமில்லை, மணமில்லை. காற்றில் நூற்றுக்கு நான்கு பங்கு சேர்ந்தாலே ஒரு சிறு பொறியில் தீப்பிடிக்கும். ஆகவே படுக்கையறையில் வேண்டாம், அடுப்படியில் வேண்டாம், சாமி விளக்கு எரியும் இடத்தில் வேண்டாம். கொசுவர்த்தி, ஊதுபத்தி, சிகரெட் எதுவும் அருகில் கூடாது. திறந்த அஞ்சடியில் வையுங்கள். முதலில் கிளிப்புகளை மாட்டுங்கள், சிவப்பு பிளஸில், கறுப்பு மைனஸில். அதன் பிறகே சுவிட்சைப் போடுங்கள். முடிந்ததும் முதலில் சுவிட்சை அணையுங்கள், பிறகு கிளிப்பை எடுங்கள். பொறி பறப்பதே மாட்டும்போதும் எடுக்கும்போதும்தான்.

அமிலம் தோலில் பட்டால் உடனே ஓடும் தண்ணீரில் கால் மணி நேரத்துக்குக் குறையாமல் கழுவ வேண்டும். எண்ணெயோ பற்பசையோ தடவாதீர்கள். கண்ணில் தெறித்தால் கழுவிக்கொண்டே மருத்துவமனைக்குப் புறப்பட வேண்டும்.

அவசரத்தில் இன்னொரு காரின் உதவி

இரண்டு காரும் ஒன்றையொன்று தொடக் கூடாது. இரண்டு எஞ்சினும் நின்றிருக்க வேண்டும். சிவப்புக் கம்பியைச் செத்த பேட்டரியின் பிளஸில் மாட்டி, மறுமுனையை நல்ல பேட்டரியின் பிளஸில் மாட்டுங்கள். கறுப்புக் கம்பியை நல்ல பேட்டரியின் மைனஸில் மாட்டுங்கள். அதன் மறுமுனையைச் செத்த பேட்டரியில் மாட்டாமல், தள்ளி, பெயின்டு இல்லாத எஞ்சின் இரும்பில் மாட்டுங்கள். கடைசிப் பொறி பேட்டரி வாயுவுக்கு அருகில் பறக்கக் கூடாது என்பதற்காகவே இந்த ஏற்பாடு. நல்ல காரைச் சில நிமிடம் ஓடவிட்டு மற்றதை ஸ்டார்ட் செய்யுங்கள். கழற்றும்போது தலைகீழ் வரிசை.

கையால் கியர் போடும் காராக இருந்தால் நாலு பேர் தள்ளி ஸ்டார்ட் செய்யலாம். ஆட்டோ கியர் காரைத் தள்ளிப் பயனில்லை. வீட்டில் இருப்பது எந்த வகை என்று பிள்ளைகளுக்கும் தெரிந்திருக்கட்டும். எப்படி ஸ்டார்ட் செய்தாலும், இறுகிய பேட்டரியை ஒரு பயணம் முழுதாக நிரப்பிவிடாது; பிறகு சார்ஜரில் போட வேண்டும்.

பழைய பேட்டரியை என்ன செய்வது?

இனிமேல் சொல்லப் போவதைத் தாய்மார்கள் அவசியம் கவனிக்க வேண்டும்.

பேட்டரியின் எடையில் பாதிக்கு மேல் ஈயம். அதை உடைத்து, உருக்கி, மீன் வலைக்கும் தூண்டிலுக்கும் குண்டு வார்க்கும் வழக்கம் சிலரிடம் உண்டு. ஈயப் புகையும் தூசியும் முற்றத்து மண்ணில் படிகின்றன. தவழும் பிள்ளை அந்த மண்ணில் கை வைத்து, அதே கையை வாயில் வைக்கிறது. ஈயம் பிள்ளையின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கிறது. படிப்பு ஏறாது, கவனம் நிற்காது. அந்தப் பாதிப்பைத் திரும்ப மாற்ற மருந்து இல்லை. இரத்தத்தில் இவ்வளவு ஈயம் வரை பாதகமில்லை என்று சொல்லக்கூடிய அளவே கிடையாது என்று உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. நம் நாட்டில் 2005-ஆம் ஆண்டு விதிகளின்படி பழைய ஈய பேட்டரி அட்டவணையிடப்பட்ட ஆபத்தான கழிவு. சாக்கடையில் அமிலத்தைக் கொட்டுவதும், செம்பனைக் காட்டில் வீசுவதும், பெட்டியைப் பூந்தொட்டியாக்குவதும் தவறு.

சாய்க்காமல், உடைக்காமல் பட்டறையில் கொடுங்கள். புதுப் பேட்டரி வாங்கும்போது பழையதற்கு விலை போட்டுக் கழித்துக்கொள்வது வழக்கம், கேட்டு வாங்குங்கள். தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகே பிள்ளையைத் தூக்குங்கள்.

இந்த வாரமே ஒரு காரியம் செய்யலாம். வீட்டோரம் நிற்கும் காரின் முன்மூடியைத் திறந்து, பேட்டரியின் மேல் புதிதாக மாட்டிய மாதமும் ஆண்டும் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் ரசீதைப் பார்த்து நீங்களே மார்க்கர் பேனாவால் எழுதி வையுங்கள். இரண்டு ஆண்டைத் தாண்டியிருந்தால் மாதம் ஒரு முறை அளந்து பாருங்கள். நாட்காட்டியில் பத்து நாளுக்கு ஒரு வட்டம் போட்டு, அன்றைக்கு யார் காரை எடுப்பது என்று வீட்டில் முடிவு செய்யுங்கள். எடுக்க ஆளே இல்லையென்றால், 10-ஆம் எண் ஸ்பானர் ஒன்றை எடுத்து அந்தக் கறுப்புக் கம்பியைக் கழற்றிவிட்டு, கழற்றியிருக்கிறது என்று ஒரு சீட்டில் எழுதிச் சாவியோடு கட்டி வையுங்கள். ராத்திரியில் காரை எடுக்க ஓடுகிறவர் அதைப் பார்த்தவுடன் ஒரு நிமிடத்தில் மாட்டிவிடலாம்.